வெளிர்நீலம் பூசுமுன்...



கிறிஸ்துமஸுக்கு முன்பாக வீட்டிற்கு வெள்ளையடிப்பது, நாம் ஊரிலிருந்து பெருநகரங்களுக்குக் கொண்டுவந்த வழக்கங்களுள் ஒன்று. ஊரில் சுண்ணாம்பைத் தாளித்து, நுனி தட்டிய பனைமட்டையால் நாமே அடித்து முடித்தோம். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூருவிலும் அப்படி இயலாது. கடைக்காரர் வண்ண அட்டையை விரித்து வைக்கிறார். அதில் நூற்றுக்கணக்கான சிறு கட்டங்கள். அவற்றுள் கண்ணை முதலில் இழுப்பது பெரும்பாலும் வெளிர்நீலமே. "அறை பெரிதாகத் தெரியும், வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்" என்று பெயிண்டரும் சொல்லுகிறார். இரண்டே நாட்களில் நான்கு சுவர்களும் நீலமாகிவிடுகின்றன. மூன்றாம் நாள் மாலை விளக்கைப் போட்டதும், "கடையில் பார்த்த நிறம் இதுவல்லவே!" என்ற குரல் எழும்புகிறது.

வெளிர்நீலம் நல்ல நிறம். ஆனால் எல்லா அறைக்கும் நல்ல நிறமல்ல. பல மாதங்கள் சேர்த்த பணத்தைச் செலவழிக்குமுன் உங்கள் அறைக்கு அது ஏற்றதா என்று நீங்களே கண்டுகொள்ளலாம். அதற்கு வேண்டியது ஒரு கெட்டி அட்டையும் இரண்டு நாள் பொறுமையுமே.

நம் பாட்டிமார் செய்ததை முதலில் நினைத்துப் பாருங்கள். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் அவர்கள் சிறிது நீலப்பொடியைக் கரைத்து ஊற்றினார்கள். சுவரை நீலமாக்குவது அவர்கள் நோக்கமல்ல, வெண்மையாக்குவதே நோக்கம். சுண்ணாம்பில் மெல்லிய மஞ்சள் சாயல் உண்டு. அந்த மஞ்சளை நீலம் அடக்கிவிடும். கண்ணுக்குச் சுவர் பளிச்சென்று தோன்றும். வெள்ளை வேட்டியை நீலத்தில் அலசியதும் இதே காரணத்தினால்தான். அந்தப் பொடியின் வரலாறும் சுவையானது. ஒரு காலத்தில் இந்த நீலம் ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லாசுலி என்னும் கல்லை அரைத்தே கிடைத்தது. விலை மிக அதிகம். அதைச் செயற்கையாகச் செய்பவருக்குப் பரிசு தருவதாக 1824இல் பிரான்ஸ் நாட்டில் ஒரு சங்கம் அறிவித்தது. 1828இல் கிமே என்பவர் அந்தப் பரிசைப் பெற்றார். அரசர்கள் வாங்கிய நிறம் அதன்பின் நம் வீட்டுத் துணி அலசும் வாளிவரை இறங்கி வந்தது.

நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று இழுத்து அடக்கும் என்ற இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால், வெளிர்நீலச் சுவரைப்பற்றி அறிய வேண்டியவற்றில் பாதியை அறிந்தாயிற்று.

இப்பொழுது உங்கள் ஜன்னலைப் பாருங்கள். அது எந்தத் திசையை நோக்குகிறது? நம் நாட்டின் வடபாதியிலும் மும்பையிலும் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தென்திசை சாய்ந்தே செல்லுகிறது. ஆகவே வடக்கு நோக்கிய ஜன்னலில் நேர்வெயில் அரிது; அதன் வழியே வருவது வானத்தின் ஒளி மாத்திரமே. வானத்தின் ஒளி இயல்பாகவே நீலச் சாயலுடையது. அந்த ஒளி வெளிர்நீலச் சுவரில் விழும்போது மஞ்சள் என்பதே அங்கு இல்லாமற்போகிறது. சுவர் சாம்பல் பூத்து, உயிரற்றதாய்த் தோன்றும். தில்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அப்படிப்பட்ட அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லுவது விளங்கும். கம்பளியைப் போர்த்தினாலும் கண்ணுக்குக் குளிர் விடாது. மேற்கு நோக்கிய அறையின் நிலைமை வேறு. பிற்பகல் முழுவதும் பொன்மஞ்சள் வெயில் உள்ளே பாய்கிறது. சுவர் வெண்மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் கண் கூசும். அங்கே வெளிர்நீலம் அந்த வெப்பமான ஒளியைத் தணித்து இதமாக்குகிறது. இந்த நிறத்திற்கு மிகவும் தகுதியான இடம் அதுவே. கிழக்கு அறையில் காலையில் அழகாகவும், பகல் ஏற ஏறச் சற்று மங்கியும் தோன்றும். அது பெரிய குறையல்ல.

ஆனால் திசை மாத்திரம் பார்த்துப் பயனில்லை. நம்மில் அநேகர் வசிக்கும் வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் தெரிவது வானம் அல்ல, ஐந்தாறு அடி தூரத்தில் நிற்கும் அடுத்த கட்டடத்தின் சுவர். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியே நமக்குக் கிடைக்கிறது. அது செங்கல் நிறமானால் சிவந்த ஒளி வரும்; பாசி படிந்ததானால் பச்சை கலந்த ஒளி வரும். பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறையானால் என் கருத்து தெளிவானது: அங்கே வெளிர்நீலம் வேண்டாம். மெல்லிய வெண்மஞ்சளோ பால்வெண்மையோ பூசுங்கள். நீலத்தின் மேல் மிகுந்த விருப்பம் இருந்தால் ஜன்னல் திரையிலும் படுக்கை விரிப்பிலும் வைத்துக்கொள்ளலாம்.

இரவு விளக்கைக் கவனிக்க அநேகர் மறந்துபோகிறார்கள். வேலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் தங்கள் வீட்டைப் பெரும்பாலும் இரவில்தான் பார்க்கின்றன! எல்.இ.டி. விளக்கின் பெட்டியில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். 6500 கெல்வின் என்றிருந்தால் அது நீலச் சாயலுள்ள வெள்ளொளி. 2700 அல்லது 3000 என்றிருந்தால் பழைய குண்டு பல்பைப்போல் மஞ்சள் ஒளி. நம் வீடுகளில் அதிகம் எரிவது 6500 வகையே. அதன் கீழே வெளிர்நீலச் சுவர் மருத்துவமனை வராந்தாவைப்போல் விறைத்து நிற்கும். அதற்காக மஞ்சள் விளக்கிற்கு மாறினால், முன்பு சொன்னபடி மஞ்சள் நீலத்தை அடக்கிவிட, சுவர் சாம்பலாகவோ சற்றுப் பச்சையாகவோ தெரியும். இரண்டிற்கும் இடைப்பட்ட 4000 கெல்வின் விளக்கு கடைகளில் கிடைக்கிறது. நீலச் சுவருள்ள அறைக்கு அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பெயிண்டை மாற்றுவதைவிட விளக்கை மாற்றுவது மலிவு அல்லவா?

இனி, எந்த வெளிர்நீலம்? அட்டையில் ஒன்றுபோல் தோன்றும் நீலங்களுள் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று ஊதாவை நோக்கிச் சாயும். துணிக்குப் போடும் நீலத்தின் குலம் அது. மற்றொன்று பச்சையை நோக்கிச் சாயும். இன்றைய பெயிண்டுகளில் மிகுதியாகச் சேரும் தாலோசயனின் என்னும் நீலம் இரண்டாம் குலத்தைச் சேர்ந்தது. 1928இல் ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் என்னும் ஊரிலிருந்த சாயத் தொழிற்சாலையில், வேறொரு பொருளைத் தயாரித்த கலத்தில் நீலக் கறையாகத் தற்செயலாய் வெளிப்பட்டது. 1935இல் விற்பனைக்கு வந்தது. சிமெண்டுச் சுவரின் காரத்திற்கும் வெயிலுக்கும் அது எளிதில் வெளுப்பதில்லை. எந்தக் குலம் என்று அறிய, ஒரு வெள்ளைத் தாளை அந்தக் கட்டத்தின் அருகே வைத்துப் பகலொளியில் பாருங்கள். தனியே பார்க்கையில் மறைந்திருந்த சாயல் உடனே வெளிப்படும். ஊதாச் சாயலுள்ளது நிழலில் வாடின நிறம்போல் ஆகிவிடும். பச்சைச் சாயலுள்ளது மஞ்சள் விளக்கில் கடற்பச்சையாகும். ஒரு துளி சாம்பல் கலந்த வெளிர்நீலம், அட்டையில் பார்க்க மங்கலாயிருந்தாலும், சுவரில் அடக்கமாக அமைகிறது. கட்டத்தில் "இதுவா நீலம்?" என்று சந்தேகம் தருவதே நான்கு சுவர்களில் நீலமாய் நிற்கும். ஏனெனில் ஒரு சுவரின் ஒளி எதிர்ச்சுவரில் பட்டு, அது மறுபடியும் இதில் பட்டு, நிறம் பெருகிக்கொண்டே போகிறது. ஆகவே நீங்கள் விரும்பும் நிறத்திற்கு ஒரு படி வெளிறியதையே எடுங்கள்.

சோதித்துப் பார்க்கும் முறை இதுதான். கடையில் சிறிய மாதிரி டப்பா கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இருப்பதில் சிறிய டப்பாவை வாங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி கெட்டி அட்டையில், ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டு, இரண்டு கோட் பூசி நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் ஒரு நிறம் என்பதை மறவாதிருங்கள். பிறகு அந்த அட்டையை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு நாள், ஜன்னலை ஒட்டிய சுவரில் ஒரு நாள் மாட்டுங்கள். காலை ஏழு மணிக்கும், நண்பகலிலும், இரவுச் சாப்பாட்டு வேளையிலும் பாருங்கள். அலமாரியின் பக்கத்திலும் தரையின் அருகிலும் வைத்துப் பாருங்கள். பழைய பச்சைச் சுவரின் மேல் நேராகப் பூசிச் சோதிப்பதைவிட இது நல்லது. சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும்.

அந்த ஏமாற்றம் சிறிதல்ல. பாரிஸ் நகரின் கோப்ளான் திரைச்சீலை ஆலையில் சாயத்துறைத் தலைவராயிருந்த ஷெவ்ரோல் என்ற வேதியியலாருக்கு, கறுப்புச் சாயத்தில் அழுத்தம் இல்லை என்று முறையீடு வந்தது. அவர் ஆராய்ந்து, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறங்களே கறுப்பை மாற்றிக் காட்டுகின்றன என்று கண்டார். 1839இல் அதைப்பற்றிப் பெரிய நூலே வெளியிட்டார். நம் வீட்டிலும் இதே காரியம் நடக்கிறது. வெண்மஞ்சள் நிறத் தரை ஓடுகள் தனியே பார்த்தால் அழகானவை. வெளிர்நீலச் சுவரின் அடியில் அவை பழுப்பேறிய மஞ்சளாகிவிடும். அதே சுவர் மரநிறக் கதவையும் பழுப்பு சன்மைக்கா அலமாரியையும் செழுமையாக எடுத்துக் காட்டும். சிவப்பு ஆக்ஸைடு தரையுள்ள பழைய வீடானால் வெளிர்நீலத்தைத் தயங்காமல் பூசுங்கள். அவ்விரண்டும் மிகப் பொருத்தமான ஜோடி. மேற்கூரையை மாத்திரம் வெள்ளையாகவே விடுங்கள்.

வெளிர்நீலம் அறையைக் குளிர்விக்குமா? தெர்மாமீட்டரைக் கேட்டால் "இல்லை" என்றே சொல்லும். உட்சுவரின் நீலம் வெப்பத்தை ஒரு பாகைகூடக் குறைப்பதாக எண்ணிவிடாதிருங்கள். குளிர்ச்சி என்பது கண்ணின் உணர்வே. ஜோத்பூரில் மேஹ்ரான்கட் கோட்டையின் அடிவாரத்து வீடுகள் நீலமாயிருப்பதற்கு வெப்பத்தைக் காரணமாகச் சொல்லுவோர் உண்டு. வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. அங்கே பூசியது வெயில் படும் வெளிச்சுவரில், நீலம் கலந்த சுண்ணாம்பு. அதில் வெயிலைத் திருப்பியனுப்புவது அந்த வெளிறிய சுண்ணாம்பே. மேல்மாடியில் வசித்து வெப்பத்தால் வாடுகிறவர்கள், சங்கத்தின் அனுமதி பெற்று மொட்டைமாடித் தளத்தில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு போடுவதே பயன் தரும். அறை பெரிதாகத் தோன்றும் என்ற பேச்சில் உண்மை உண்டு. ஆனால் அதில் நீலத்தின் பங்கைவிட வெளிறின தன்மையின் பங்கே பெரிது.

ஓர் அறையும் சமையலறையும் மாத்திரமுள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. தாளிக்கும் எண்ணெய்ப் புகை சுவரில் மெல்லிய மஞ்சள் படலமாகப் படிகிறது. வெள்ளைச் சுவரில் அது அழுக்காகத் தெரியும். வெளிர்நீலத்திலோ பச்சை கலந்த சாம்பலாகி, சுவரே நோயுற்றதுபோல் தோன்றும். அடுப்பிற்கு அருகிலுள்ள சுவரில் ஓடு பதித்துவிடுவது நல்லது. மற்றச் சுவர்களுக்கும் டிஸ்டெம்பர் போதாது; ஈரத்துணியால் துடைக்கக்கூடிய எமல்ஷனையே கேளுங்கள். வீட்டு ஜெபக்கூட்டத்தில் இருபது பேர் தரையில் அமர்ந்து சுவரில் சாய்வார்கள். தலையெண்ணெய்க் கறை ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும். விருந்தினரைச் சாயவேண்டாம் என்று நாம் சொல்லப்போவதில்லையே! துடைக்கத்தக்க பூச்சு இருந்தால் கவலையில்லை.

மும்பையிலும் கடலோர நகரங்களிலும் மழைக்காலம் முடிந்த உடனே பூசாதிருங்கள். சுவர் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாயிருக்கும். ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி பூத்திருந்தால் சுவர் இன்னும் ஈரத்தை வெளியிடுகிறது. அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டைப் பூசினாலும் செதிலாக உரியும். வெளிர்நீலத்தில் கறுப்புப் பூஞ்சணப் புள்ளிகள் துலக்கமாகத் தெரியும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். கசிவை அடைக்காமல் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது வீண். தில்லியில் உள்ளவர்களுக்கு இதற்கு மாறான ஆலோசனை: கடுங்குளிர் வருமுன்னே முடித்துவிடுங்கள், குளிரில் பூச்சு சரியாகக் காயாது.

பிரியமானவர்களே, நிறத்தைவிட முக்கியமான ஒன்றை இப்பொழுது சொல்லுகிறேன். சிறு பிள்ளைகளும் கர்ப்பவதிகளும் உள்ள வீட்டார் கவனமாய் வாசியுங்கள். பழைய கட்டடங்களில் சுவரின் கீழ்ப்பாதியிலும், கதவு, ஜன்னல், கம்பிகளிலும் ஆயில் பெயிண்ட் அடித்திருப்பார்கள். முற்காலத்துப் பெயிண்டுகளில் ஈயம் சேர்ந்திருப்பது சாதாரணம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சுகளில் எவ்வளவு இருக்கும் என்பதைக் கண்ணால் அறிய முடியாது. புதிய நீலம் ஒட்டுவதற்காகப் பெயிண்டர் அந்தப் பழைய பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கிறார். வீடெங்கும் மெல்லிய தூசி பறக்கிறது. அந்தத் தூசி தரையிலும் பாயிலும் பொம்மையிலும் படிகிறது. தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குள் போகிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை.

ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்க அனுமதியாதிருங்கள். தண்ணீர் தெளித்து, நீர்த் தாளால் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சைச் சுரண்டாமல், அதன்மேல் பிரைமர் அடித்து மூடிவிடுவது இன்னும் நல்லது. நெருப்புக் காட்டி உரிப்பது கூடவே கூடாது. அந்த நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பவதிகளையும் உறவினர் வீட்டில் தங்கவையுங்கள். பாத்திரங்களையும் துணிகளையும் அப்புறப்படுத்துங்கள். விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் பலமுறை துடைத்தெடுங்கள். பெயிண்டருக்கும் இதைச் சொல்லுங்கள்; அவர் உடையில் ஒட்டிய தூசி அவர் வீட்டுக் குழந்தையிடம் போகிறது. புதிதாக வாங்கும் டப்பாவில் ஈயம் சேர்க்கப்படவில்லை என்ற குறிப்பு அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயரில்லாத மலிவு எனாமலைத் தொடாதிருங்கள்.

குழந்தை பிறந்து சில நாட்களேயான வீட்டில், மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்கும்போது நிறமுள்ள சுவர்களின் நடுவே விளக்கொளியில் பார்க்க வேண்டாம். ஜன்னலருகே பகலொளியில் பாருங்கள். சந்தேகமானால் மருத்துவரிடம் காட்டுங்கள். சுவரின் நிறம் தோலின் நிறத்தை மாற்றிக் காட்டும்.

வாடகை வீட்டில் இருப்போர் மும்பை வழக்கப்படி பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பார்கள். உரிமையாளரின் சுவருக்கு உங்கள் பணத்தைச் செலவிடுமுன், நிறத்தின் பெயரையும் குறியீட்டு எண்ணையும் எழுதி அவருடைய சம்மதத்தை எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது "மறுபடியும் வெள்ளையடித்துக் கொடு" என்று முன்பணத்தில் பிடித்துக்கொள்ளுவது எங்கும் நடக்கிறது. ஒரு வருடமே இருப்போம் என்று தெரிந்தால், நான் ஒரு சுவருக்கு மேல் பூசச் சொல்லமாட்டேன்.

கடைசியாக அளவு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒன்பதரை அடி உயரம் என்று கொண்டால் நான்கு சுவர்களும் 418 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 50 சதுர அடி கழித்தால் 370 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. நன்றாகப் புட்டி வைத்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டாக ஏறக்குறைய 120 சதுர அடி வரும். ஆக, மூன்று லிட்டருக்குச் சற்று அதிகம் வேண்டும். ஒரே தடவையில் நான்கு லிட்டர் டப்பாவாக வாங்கிவிடுங்கள். வெள்ளை பெயிண்டில் ஸ்டெய்னரை ஊற்றிக் கண்ணளவில் நீலமாக்கித் தருகிறேன் என்று பெயிண்டர் சொன்னால் இணங்காதிருங்கள். நடுவில் தீர்ந்துபோனால் அதே நீலம் மறுபடியும் கிடைக்காது, வெளிறின நிறத்தில் அந்த வித்தியாசம் கோடு போட்டதுபோல் தெரியும். இயந்திரத்தில் கலந்து வாங்கினால் மூடியில் குறியீட்டு எண் ஒட்டியிருக்கும். மீந்ததைக் காற்றுப் புகாத சிறு பாட்டிலில் நிரம்ப ஊற்றி, அந்த எண்ணையும் பூசிய மாதத்தையும் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணில் வையுங்கள். அலமாரியை நகர்த்தும்போது சுவரில் விழும் கீறலுக்கு அது போதும்.